கிளுவை வேலி தாண்டின ரயில்

எங்க வீட்டுல இவுகளுக்கு ரயில் பைத்தியம். சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்லல, நெசப் பைத்தியம். அம்பாசமுத்திரத்துக்கு ரயில் வந்து அப்போ கொஞ்ச வருசம்தான் ஆகியிருந்துச்சு. ஊரு முதல்ல வாயைப் பிளந்து வேடிக்கை பாத்துச்சு, பிறகு அலுத்துப்போய் அவங்கவங்க சோலியைப் பாக்கப் போயிட்டு. இவுக மட்டும் அலுக்கல. பள்ளிக்கூடத்துல டிராயிங் வாத்தியார். பிள்ளைகளுக்குப் பூசணிக்காய் வரையச் சொல்லிக்குடுக்கணும். இவுக இஞ்சின் வரையச் சொல்லிக்குடுத்தாக. பள்ளிக்கூட மேலதிகாரி வந்து கேட்டதுக்கு, பூசணிக்காயும் உருண்டை, சக்கரமும் உருண்டைன்னு பதில் சொன்னாகளாம். அந்த மனுசன் என்ன நினைச்சாரோ, வந்த வழியே திரும்பிப் போயிட்டாராம்.

வீட்டு நிலவரத்தைச் சொல்லிருதேன், இல்லைன்னா ஒண்ணும் புரியாது. இவுக அப்பாவும் எங்கம்மாவும் கூடப்பிறந்த அண்ணன் தங்கச்சி. அடுத்தடுத்த வீடு. பின்னால ரெண்டு வீட்டுக்கும் சேர்ந்தாப்புல நீளமா தோட்டம், நடுவுல ஒரு கிளுவை வேலி. வேலியில ஆள் நுழையுத அளவுக்கு ஒரு சந்து. முறை மாப்பிள்ளைக்கே என்னைக் கட்டிவச்சாங்க. அம்மா வீட்டுக்கும் புருசன் வீட்டுக்கும் நடுவுல வேலி ஒண்ணுதான், குடுத்துவச்சவன்னு ஊரு சொல்லுச்சு. குடுத்துவச்ச லெட்சணத்தைக் கேளுங்க.

கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்து எங்கம்மா வீட்டுல. எங்க பக்கத்துல அன்னைக்குச் சொதிதான் வைக்கணும். தேங்காப்பால் எவ்வளவு கெட்டியோ சம்பந்திக்கு அவ்வளவு மரியாதை. மாமியார் ஒரு வாய் எடுத்து வச்சாக. இலையை ஒரு பார்வை பாத்தாக. "தோட்டத்துத் தென்னைக்கு என்ன நோக்காடு? பாலு தண்ணியால்லா இருக்கு"ன்னாக. அம்மா சும்மா இருந்திருக்கலாம். "பிறந்த வீட்டுல பாலாத்துல குளிச்சு வளந்தவுகளுக்கு எல்லாம் தண்ணியாத்தான் தெரியும்"னா. அவ்வளவுதான், மாமியார் இலையை மூடிட்டு எந்திரிச்சாக. "இனி இந்த மண்ணுல என் கால் படாது." அம்மா விடுவாளா? "அந்த மண்ணுலயும் என் கால் படாது. சாமி சத்தியம்." எங்கப்பாவும் மாமனாரும் இருந்திருந்தா ஒரு அதட்டு அதட்டி உக்கார வச்சிருப்பாங்க. ரெண்டு பேரும் அதுக்கு முன்னாலயே போய்ச் சேர்ந்துட்டாங்க. சொதி தண்ணியாத்தான் இருந்துச்சு, பாத்துக்கிடுங்க. பெத்தவளுக்காகப் பொய் சொல்லக்கூடாதுல்லா?

அன்னையிலிருந்து மூணு வருசமா ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. பேச்சு கிடையாதுன்னா வாயை மூடிக்கிட்டு இருந்தாங்கன்னு நினைச்சுராதீங்க. வேலிக்கு அங்கன ஒருத்தர், இங்கன ஒருத்தர் நின்னுக்கிட்டு, நடுவுல என்னை நிறுத்தி வச்சுப் பேசுவாங்க. "ஏட்டி, உங்கத்தைக்கிட்ட சொல்லு, அவுக ஆடு என் கத்திரிச் செடியைத் திங்குது." நான் வாயைத் திறக்கதுக்குள்ள, "உங்கம்மாகிட்ட சொல்லு, செடியில காய் இருந்து ஆடு தின்னால்லா குத்தம்." ரெண்டு பேருக்கும் காது நல்லாவே கேக்கும். தபால்காரனுக்காவது சம்பளம் உண்டு. எனக்கு ரெண்டு பக்கத்துலயும் வசவுதான் மிச்சம். கோவத்துல "அம்மா வீட்டுக்குப் போறேன்"னு புருசனை மிரட்டக்கூட எனக்குக் குடுத்துவைக்கல. "போயிட்டு வாறப்ப கறிவேப்பிலை பறிச்சுட்டு வா"ம்பாக.

அந்த வருசம் சித்திரையில பள்ளிக்கூடம் அடைச்ச மறுநாளே இவுக தோட்டத்துல கயிறு பிடிச்சு அளந்துக்கிட்டு நின்னாக. என்ன செய்யுதீங்கன்னேன். "ரயில் போடப்போறேன்"னாக. பொம்மை ரயிலாக்கும்னு நினைச்சேன். பொம்மை இல்லையாம், ஆள் உக்காந்து போகலாமாம். கிணத்துல இருந்து தண்ணிக்குடத்தை ஏத்திக்கிட்டு ரெண்டு தோட்டத்தையும் சுத்தி வருமாம். "கொல்லத்து ரயிலு மலையைக் குடைஞ்சு போகுது, நம்ம ரயிலு ஒரு வேலியைத் தாண்டிப் போகாதா?"ன்னு என்னையே கேக்காக. "இறைக்க தண்ணி குடிக்கதுக்கே பத்தல, இதுல ரயிலு ஒண்ணுதான் குறைச்சல்"னேன். காதுலயே வாங்கல.

எங்க தோட்டத்துக்குள்ளயே வண்டி திரும்ப இடம் பத்தாதாம். அதனால பாதை வேலிச் சந்து வழியா அம்மா தோட்டத்துக்குள்ள போயி, அங்கன நிக்க நெல்லி மரத்தைச் சுத்திட்டுத் திரும்பணும். அம்மாவுக்கு அண்ணன் மகன்னா உயிரு. "ஏய்யா, உங்களுக்கு இல்லாத மண்ணா? போட்டுக்கிடுங்கய்யா"ன்னுட்டா. மாமியார் அடுக்களை வாசல்ல நின்னு என்னைக் கூப்பிட்டு, வேலிக்குக் கேக்குத மாதிரி, "உங்கம்மாகிட்ட சொல்லு, என் பிள்ளையைக் கெடுக்கது அவதான்"னாக.

தண்டவாளத்துக்கு இரும்புக்கு எங்க போக? பேட்டையில எண்ணெய் வியாபாரம் பண்ணுத ஒரு அண்ணாச்சிகிட்ட உடைஞ்ச பீப்பாயைச் சுத்தின இரும்புப் பட்டையெல்லாம் கேட்டு வாங்கி, ரயில்லயே ஏத்திக் கொண்டுவந்தாக. "என்ன வே வாத்தியாரே, பட்டையை மட்டும் வாங்குதீரு, பீப்பாய்க்கு என்ன செய்வீரு?"ன்னு அண்ணாச்சி கேட்டாராம். அந்தப் பட்டையை நிமிர்த்தி, பனஞ்சட்டத்து மேல வச்சு ஆணி அடிச்சாத் தண்டவாளம். வெயிலு ஏறுததுக்கு முந்தி வேலையை முடிக்கணும்னு விடிஞ்சும் விடியாமலும் சுத்தியலை எடுத்துருவாக. தெருவுல ஒருத்தரும் தூங்க முடியல. பழைய பத்தாயத்துப் பலகையைப் பிரிச்சு வண்டி செஞ்சாச்சு. சக்கரம் மட்டும் கொல்லப்பட்டறையில அடிச்சது.

இதுக்கு நடுவுல, கொழும்புல கடை வச்சிருந்த எங்கண்ணன்கிட்ட இருந்து கடிதாசி வந்துச்சு. ஆனியில வருதேன், ஆடி பிறக்கதுக்கு முந்தி அம்மாவைக் கூட்டிட்டுப் போயிருதேன், இனி அங்கனயே என்கூட இருக்கட்டும்னு எழுதியிருந்தான். தூத்துக்குடியில கப்பல் ஏறினா அக்கரைச் சீமை. வயசான மனுசி, திரும்ப வருவாளோ மாட்டாளோ. நான் குடித்தனம் பண்ணுத வீடு அவ பிறந்து வளந்த வீடு. அதுக்குள்ள வந்து, மக எப்படி இருக்கா, என்ன பொங்குதான்னு ஒரு நாள் பாத்ததில்ல. என் கையால அங்கன ஒரு வேளை இலை போட்டதில்ல. அதைச் செய்யாம அவளை அனுப்பிட்டா எனக்கு ஆயுசுக்கும் ஆறாது.

அம்மாகிட்ட போய் அழுதேன். "சாமி சத்தியம் பண்ணிட்டேன்ட்டி"ன்னா. மாமியார்கிட்ட வந்து அழுதேன். "நான் வரவேண்டாம்னா சொன்னேன்? அவதான் வரமாட்டேன்னா"ன்னாக. நீங்க ஒரு வார்த்தை கூப்பிடுங்களேன் அத்தைன்னேன். "அவ பிறந்த வீட்டுக்கு அவளை நான் எதுக்குக் கூப்பிடணும்?"னாக. சுவத்துல போய் முட்டிக்கிடலாம் போல வந்துச்சு.

இவுககிட்ட சொன்னா, "ஆமா, கஷ்டம்தான். அந்தச் சுத்தியலை எடு"ங்காக. என்னத்தைச் சொல்ல.

கத்திரி வெயில் ஆரம்பிக்கவும் தண்டவாளம் முடியவும் சரியா இருந்துச்சு. காலையில பாத்தாக் கோடு கிழிச்ச மாதிரி கிடக்கு. ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் நடுவுல ஊசி நுழையாது, அப்படி நெருக்கி அடிச்சிருந்தாக. "பாத்தியாட்டி நெருக்கத்தை"ன்னு பெருமை வேற. உச்சி வேளையில தோட்டத்துப் பக்கம் டம் டம்முன்னு சத்தம். ஓடிப்போய்ப் பாத்தா, பட்டையெல்லாம் ஆணியைப் பிடுங்கிக்கிட்டு எண்ணெயில போட்ட அப்பளம் கணக்கா எந்திரிச்சு நிக்கி. இரும்பு வெயில்ல நீளும்லா, நடுவுல இடைவெளி விடணும்லா! நெசத் தண்டவாளத்துல அந்த இடைவெளியை எத்தனையோ வாட்டி பாத்திருக்காக. யாரோ சரியா அடிக்காம விட்டுட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டாகளாம். டிராயிங் போடும்போதுகூட அதை நிரப்பித்தான் போட்டிருக்காக.

இஞ்சின் கதை அதைவிடக் கேவலம். என் வெந்நீர்த் தவலையை எடுத்து, வாயை மூடி ஈயம் பூசி, குழாய் வச்சு, அடியில தீயை மூட்டினாக. அந்த வெயில்ல தீ! இஞ்சின் ஊதுச்சு. குத்தம் சொல்லப்படாது, நல்லாவே ஊதுச்சு. தெருவுல மூட்டை முடிச்சோட போய்க்கிட்டிருந்த ஒரு குடும்பம், வண்டி வந்துட்டுன்னு நினைச்சு ஸ்டேஷனைப் பாத்து ஓடுச்சு. ஆனா இஞ்சின் இருந்த இடத்தை விட்டு நகரல. ஆவியெல்லாம் ஊதலுக்கே போயிருது, சக்கரத்துக்கு மிச்சமில்ல. "அப்போ ஊதாம ஓட்டுங்க"ன்னேன். "ஊதாம ஓடுனா அது என்னட்டி ரயிலு, மாட்டுவண்டியா?"ன்னாக. கடைசியில, தவலை ஒரு ஓரமா நின்னு ஊதட்டும், வண்டியை ஆள் தள்ளட்டும்னு முடிவாச்சு. ஆளுன்னு பாத்தா இவுக ஒருத்தர்தான்.

பட்டையை எல்லாம் பிடுங்கி இடைவெளி விட்டுத் திரும்ப அடிச்சாக. ஆனா ஆணி மேல நம்பிக்கை போயிட்டு. சட்டத்தைக் காரை பூசிப் பூமியோட கெட்டிப்படுத்தணும்னு அடுத்த யோசனை. சுண்ணாம்புல கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டித் தண்ணியும் விட்டுத்தான் எங்க பக்கத்துல வீடே கட்டுதாங்க, கல்லா நிக்கும். வீடு சும்மா நிக்கதுக்கே அவ்வளவு கருப்பட்டின்னா, ரயிலு ஓடுத இடத்துக்கு எவ்வளவு வேணும்னு இவுக கணக்குப் போட்டிருக்காக. ஒரு வருசத்துக்குன்னு நான் பானையில அடுக்கி வச்சிருந்த கருப்பட்டி பூராவும் ஊறிட்டு. மறுநாள் சுக்குத்தண்ணி போடப் பானைக்குள்ள கையை விட்டாக் காத்துதான் இருக்கு. "கருப்பட்டி எங்க?"ன்னு கேட்டேன். "தண்டவாளத்துல"ன்னாக. எந்த வீட்டுலயாவது இப்படி ஒரு பதிலைக் கேட்டிருக்கீங்களா?

காரை காயுததுக்குள்ள கோடைமழை. வைகாசியில ஒரு சாயங்காலம் இடியும் மின்னலுமா கொட்டித் தீத்துட்டு. சுண்ணாம்பு ஒரு பக்கம் போச்சு, கருப்பட்டி ஒரு பக்கம் போச்சு. தோட்டத்துல பள்ளமான இடம் வேலிச் சந்து. பாகெல்லாம் அங்கன போய்த் தேங்கிட்டு. மறுநாள் வெயிலடிச்சதும், தாமிரவருணிக் கரையில உள்ள செவ்வெறும்பு அம்புட்டும் எங்க வேலியிலதான், அம்மா பக்கமா புத்தும் வச்சுட்டு. ஆடு வேற வந்து தண்டவாளத்தை நக்கிக்கிட்டு நிக்கி. அம்மா வீட்டுக்குப் போகணும்னா நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு ஒரே ஓட்டமா ஓடணும்.

"ஏட்டி, உங்கத்தைக்கிட்ட சொல்லு, அவுக வீட்டு எறும்பு என் மண்ணுல வந்து நிக்கி."

"உங்கம்மாகிட்ட சொல்லு, எறும்பு சத்தியம் கித்தியம் ஒண்ணும் பண்ணிக்கிடல."

அந்தப் பேச்சுலதான் எனக்குப் பொறி தட்டுச்சு. சத்தியம் கால் படாதுன்னுதான? ரயில்ல வந்தாக் கால் எங்க படுது? அம்புட்டு நாளும் அந்தச் சனியனை எடுத்துக் கிணத்துல போட்டாத்தான் எனக்கு விடிவுகாலம்னு நினைச்சுக்கிட்டு இருந்தவ, அன்னைக்கு அதை ஒரு சுத்து சுத்தி வந்து பாத்தேன். பிறகு அம்மாகிட்ட ஓடினேன்.

அம்மா முதல்ல என்னைப் பைத்தியம்னா. பிறகு நாடியில விரலை வச்சுக்கிட்டு யோசிச்சா.

"வண்டியில உக்காந்தாக் கால் மண்ணுல படாதுல்லா?"

"படாது."

"இறங்குத இடத்துல?"

"அடுக்களை வாசல் வரைக்கும் தண்டவாளத்தை நீட்டச் சொல்லுதேன். அங்கன பலகை போடுதேன். உள்ள தரை செங்கலு."

"செங்கலும் மண்ணுதானட்டி."

"சுட்டுட்டா மண்ணு இல்லம்மா."

நான் மட்டும் ஆம்பிளையாப் பிறந்திருந்தா வக்கீலாப் போயிருப்பேன். அம்மா பைய தலையாட்டினா. பிறகு, "உங்கத்தை கூப்பிட்டாகளா?"ன்னா. அங்கனதான் இடிச்சுச்சு.

மாமியார்கிட்ட வந்து விசயத்தைச் சொன்னேன். "ரயிலுன்னு ஓடுனா யாரும் ஏறுவாங்க, யாரும் இறங்குவாங்க. ஸ்டேஷன்ல நின்னு ஒவ்வொருத்தரையாக் கூப்பிட்டுக்கிட்டா இருக்காங்க?"ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாக. ஆனா அன்னைக்குச் சாயங்காலமே அடுக்களைத் தரையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினாக. எனக்கு அது போதும். அம்மாகிட்ட போயி, "கூப்பிட்டாக"ன்னு சொல்லிட்டேன். இவுகளுக்கும் சந்தோசம் தாங்கல. சண்டை தீரப்போகுதுன்னு இல்ல, ரயிலுக்கு ஆள் கிடைச்சுட்டுன்னு.

அண்ணன் வந்து சேர்ந்தான். வெள்ளிக்கிழமை எங்க வீட்டுல சாப்பாடு, மறுநாள் தூத்துக்குடிக்குப் பயணம்னு பேச்சு. ஆனி பிறந்தும் சாரல் வரல. மேகம் மலை மேல உக்காந்துக்கிட்டு, இறங்குவேனான்னு அடம்பிடிச்சுச்சு. கீழ வெயிலு கத்திரியைத் தோக்கடிச்சுச்சு. "காலையிலயே வந்துருங்க அத்தை, வெயிலுக்கு முந்தி"ன்னு இவுக எங்கம்மாகிட்ட கெஞ்சினாக. கேட்டால்லா? காலையில குளிகை, குளிகையில கிளம்புனா திரும்பத் திரும்பக் கிளம்ப வேண்டி வரும்னா. அது கழிஞ்சு, சாமி கும்பிட்டு, சேலையை மாத்தி முடிக்கையில ராகுகாலம் பிறந்துட்டு. அதுவும் கழியணும். ஆகமொத்தம் அம்மா வண்டியில ஏறும்போது சூரியன் நடு மண்டையில நிக்கி. அண்ணன் பசி தாங்காம, சந்தைத் தாவிக்கிட்டு எப்பவோ எங்க வீட்டுக்குப் போயிட்டான்.

இவுக அந்த வெயில்ல கோட்டு, தலைப்பாகை, கையில பச்சைக் கொடி. கொடின்னா என் பழைய ரவிக்கைத் துணி. தவலை ஊதுச்சு. அம்மா பத்தமடைப் பாயை விரிச்சு, வண்டியோட ரெண்டு விளிம்பையும் இறுக்கப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா. இவுக பின்னால இருந்து தள்ளினாக. நெசமாச் சொல்லுதேன், வண்டி ஓடுச்சு. நெல்லி மரத்தைச் சுத்தி அழகா வந்துச்சு. "பைய, பையய்யா"ன்னு அம்மா கத்துதா, ஆனா முகம் சிரிச்சுக்கிட்டு இருக்கு.

சந்துக்குள்ள முன் சக்கரம் நுழைஞ்சதும் வண்டி நின்னுட்டு.

மழையில கெட்டுப்போன இடம்னு சந்துல மட்டும் புதுப் பட்டை அடிச்சிருக்காக. முந்தின நாள் அவசரத்துல, பழைய பழக்கத்துல, நெருக்கி அடிச்சிருக்காக. வெயிலு பட்டு அது எந்திரிச்சுச் சக்கரத்தை முறைச்சுக்கிட்டு நிக்கி. முன் சக்கரம் எங்க மண்ணு, பின் சக்கரம் அம்மா மண்ணு. இவுக தள்ளுதாக, வண்டி முனங்குதே ஒழிய நகரல. அதுக்குள்ள எறும்பு கிளம்பிட்டு. முதல்ல இவுக கால்ல. ரயில்வே கார்டுல்லா, காலை உதறுதாக, கொடியைக் கீழ போடல. அடுத்தால சக்கரம் வழியா மேல ஏற ஆரம்பிச்சுட்டு.

"இறங்கும்மா!"ன்னு கத்தினேன்.

"எங்கனட்டி இறங்க? முன்னால இறங்குனா சத்தியம். பின்னால இறங்குனா, கிளம்பிட்டுத் திரும்புன மாதிரி. நாளைக்குக் கப்பல் ஏறணும்லா!"ன்னு காலைச் சுருட்டிக்கிட்டு உக்காந்திருக்கா.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துச்சு. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வேளை, அதையும் கொண்டுபோய் எறும்புப் புத்துல நிறுத்திட்டாகளேன்னு இவுக மேல வந்த கோவத்துல, அந்தத் தவலையைத் தூக்கித் தலையில போட்டிருப்பேன், சூடா மட்டும் இல்லைன்னா.

அப்பதான் அடுக்களையில இருந்து மாமியார் வந்தாக. கையில முறம், முறம் நிறைய அடுப்புச் சாம்பல். யாரையும் ஏறிட்டுப் பாக்கல. சாம்பலைத் தூவிக்கிட்டே சந்து வரைக்கும் வந்து நின்னாக. எறும்பு வாறது வேலிக்கு அந்தப் பக்கத்துல இருந்து. "ஏலே, தள்ளி நில்லு"ன்னு மகனை ஒதுக்கிட்டு, மாமியார் வேலியைத் தாண்டிக் காலை வச்சாக. எறும்பு மேலயே வச்சாக. வண்டியைச் சுத்திச் சுத்திச் சாம்பலைப் போடுதாக. கால்ல செக்கச்செவேல்னு ஏறிக்கிட்டு இருக்கு, ஒரு சத்தம் போடல.

அம்மா பாத்துக்கிட்டே இருந்தா. திடீர்னு, "ஐயோ மதினி, காலு!"ன்னு அலறிக்கிட்டுக் குதிச்சா. குத்தவச்சு உக்காந்து, முந்தானையால மாமியார் காலைத் தட்டுதா, தேய்க்கா, கடிச்சுப் பிடிச்சுக்கிட்டு இருக்க எறும்பைப் பிடுங்கிப் போடுதா.

"அறிவு வேண்டாமா மதினி? வெறுங்காலோட இதுக்குள்ள வருவாங்களா?"

"நீ மட்டும் இதுக்கு நடுவுல கொலு வச்சாப்புல உக்காந்திருக்கலாமாக்கும்?"

நான் நடுவுல நிக்கேன். என்கிட்ட யாரும் எதையும் சொல்லச் சொல்லல.

"ஏளா, எந்திரி, சோறு ஆறிப்போவுது"ன்னாக மாமியார். அம்மா எந்திரிச்சா. மாமியாரால காலை ஊன முடியல. அம்மா கையைக் குடுத்தா, ரெண்டு பேரும் நொண்டி நொண்டிச் சந்தைத் தாண்டி எங்க மண்ணுல நடந்து போறாங்க. பின்னால டங்கு டங்குன்னு சத்தம். இவுக பட்டையை அடிச்சு நிமிர்த்திக்கிட்டு, "ஏட்டி, ஏறச் சொல்லுட்டி, இப்போ ஓடும்!"ங்காக. "நீங்க சும்மா கிடங்க"ன்னேன்.

இலை போட்டது நான். பரிமாறினது மாமியார், கால்ல சுண்ணாம்பைத் தடவிக்கிட்டு. அம்மா ஒரு வாய் வச்சுட்டு, "கூட்டுல உப்பு ஒரு கல்லு கூடிப்போச்சு மதினி"ன்னா. எனக்கு உயிரு போயிட்டு. "கொழும்புல போய் உப்பில்லாமத் தின்னு"ன்னாக மாமியார். சொல்லிட்டு, அங்கிட்டுத் திரும்பி மூக்கைத் துடைச்சாக. நான் அடுக்களைக்குள்ள போய்க் கதவுக்குப் பின்னால நின்னு அழுதேன்.

மறுநாள் நெச ரயில்ல அம்மா கிளம்பிப் போனா. திரும்பி வரவேயில்ல, அங்கனயே முடிஞ்சுபோச்சு. என் வீட்டுல அவ உக்காந்து சாப்பிட்டது அந்த ஒரு வேளைதான். அன்னைக்கு ரெண்டாந்தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டா.